நம் சோற்றுக்குப் பின்னால் ஓர் இரும்பு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசிக் கிடங்குகளைத் தாண்டி நடக்காத தமிழர் நம்மில் எவரும் இருக்க முடியாது. அங்கே அடுக்கியிருக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் மழை உண்டு, வெயில் உண்டு, உழவரின் உழைப்பு உண்டு. இவற்றோடு தழைச்சத்து உரமும் உண்டு. அந்த உரம் உருவாகும் இடத்தில் கறுப்பு நிறத்தில் சிறுசிறு இரும்புத் துணுக்குகள் இருக்கின்றன. இந்த இரும்பு உரத்தில் கலப்பதில்லை, வயலுக்கும் போவதில்லை. ஆலைக்குள்ளேயே பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடந்து, பல லட்சம் டன் பொருளை உண்டாக்கிக் கொடுத்துவிட்டுத் தான் அப்படியே இருக்கிறது. இத்தகைய பொருளுக்கு வினையூக்கி என்று பெயர்.

இதைப் பற்றி எழுத நான் ரசாயனம் படித்தவன் அல்லன். பொறியியல் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் நம் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே, ஏலூரிலும் அம்பலமுகளிலும், வினையூக்கிகளை நம்பி நடக்கும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் ரசாயனப் பாடத்தில் ‘வினையூக்கி வினையின் வேகத்தைக் கூட்டும்’ என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த ரயில்வே மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

மலையும் குகைப்பாதையும்

செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம் வரும் ரயில் பாதையில் நம்மில் பலர் பயணம் செய்திருக்கிறோம். 1904-ல் மீட்டர் கேஜில் திறக்கப்பட்ட பாதை அது. 2018-ல் முழுவதும் அகலப் பாதையாகியது. இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. மலை உச்சி வரை ஏறி இறங்க வேண்டுமானால் எந்த இஞ்சினாலும் ஆகாது. ஆகவே ஆரியங்காவு அருகே மலையைக் குடைந்து குகைப்பாதை அமைத்தார்கள்.

ரசாயன வினைகளிலும் இப்படி ஒரு மலை உண்டு. இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவது பொருளாக மாற வேண்டுமானால், முதலில் அவற்றின் பழைய பிணைப்புகள் தளர வேண்டும். அதற்குக் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். அந்த ஏற்றம்தான் மலை. வினையூக்கி செய்வது குகைப்பாதையின் வேலை. அது இஞ்சினுக்குக் கூடுதல் பலம் தருவதில்லை. குறைந்த ஏற்றம் உள்ள வேறு வழியைத் திறந்து விடுகிறது.

இந்த உவமையிலிருந்து மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். முதலாவது, ஆயிரம் ரயில் போனாலும் குகைப்பாதை தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. வினையூக்கியும் அப்படியே. இரண்டாவது, குகைப்பாதை இரு திசை ரயில்களுக்கும் பொதுவானது. வினையூக்கியும் முன்னோக்கிய வினையைப் போலவே பின்னோக்கிய வினையையும் வேகப்படுத்தும். முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை அது மாற்றாது, சீக்கிரம் கிடைக்கச் செய்யும். மூன்றாவது, மண் சரிந்து வாய் அடைத்தால் குகைப்பாதை நின்றுவிடும். வினையூக்கிக்கும் அந்த ஆபத்து உண்டு.

பட்டினிக் காலத்தில் பிறந்த ஆலை

இப்போது ஏலூருக்கு வருவோம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் அரிசிப் பஞ்சம் கடுமையாயிற்று. விளைச்சலைக் கூட்ட உரம் வேண்டும், உரம் செய்ய ஆலை வேண்டும். திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் ஊக்கம் கொடுக்க, திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் இந்தப் பணியை ஏற்றார்கள். ஃபெர்டிலைசர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் திருவாங்கூர், சுருக்கமாக ‘ஃபாக்ட்’, 1943-ல் பதிவாயிற்று. பெரியாற்றங்கரையில், பின்னர் உத்யோகமண்டல் என்று பெயர் பெற்ற இடத்தில், 1947-ல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. பெரிய அளவிலான உர ஆலைகளில் நம் நாட்டில் இதுவே முதலாவது என்ற பெயர் இதற்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இது அரசு நிறுவனமாயிற்று. நம் ஊர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபாக்டம்பாஸ்’ மூட்டை தெரிந்திருக்கும். அது இந்த நிறுவனத்தின் சரக்குதான்.

தழைச்சத்து உரத்துக்கு அடிப்படை அம்மோனியா. அம்மோனியாவுக்கு நைட்ரஜன் வேண்டும், ஹைட்ரஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், அதற்கு விலை இல்லை. ஹைட்ரஜனுக்கு மற்ற நாடுகளில் நிலக்கரியைப் பயன்படுத்தினார்கள். திருவிதாங்கூரில் நிலக்கரி ஏது? காட்டு விறகை வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். கையில் இருப்பதைக் கொண்டு காரியம் பார்த்த அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒரே பாத்திரத்தில் இருந்துவிட்டால் மட்டும் அம்மோனியா ஆகிவிடாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. நாம் மூச்சுக்கு மூச்சு நைட்ரஜனை இழுத்தும் அது உடம்பில் ஒட்டாமல் வெளியே போவதற்கு இதுவே காரணம். இந்தப் பிடியைத் தளர்த்தச் சூட்டைக் கூட்டலாம் என்றால், சூடு அதிகமானால் உண்டான அம்மோனியா திரும்பவும் பிரிந்துவிடும். சூட்டைக் குறைத்தால் வினையே நடக்காது. இந்த இரட்டைச் சங்கடத்துக்கு நடுவில்தான் இரும்பு வருகிறது.

ஆறாயிரத்து ஐந்நூறு சோதனைகள்

1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற அறிஞர் ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து, உயர் அழுத்தத்தில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைக் காட்டினார். ஆஸ்மியம் தங்கத்தைவிட அரிதான பொருள். அதை வைத்து ஆலை நடத்த முடியாது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் கார்ல் போஷ் ஆலைப் பொறுப்பை ஏற்றார். மலிவான வினையூக்கியைத் தேடும் பணி ஆல்வின் மிட்டாஷ் என்பவரிடம் வந்தது.

மிட்டாஷ் செய்த வேலைதான் வினையூக்கி ஆராய்ச்சியின் உண்மையான முகம் என்பேன். 1912-க்குள் அவரும் அவர் குழுவினரும் சுமார் 2,500 பொருள்களை எடுத்து, சுமார் 6,500 சோதனைகள் செய்தார்கள். சாதாரண இரும்பு சரிப்படவில்லை. சுத்தமான இரும்பும் சரிப்படவில்லை. ஆனால் ஸ்வீடன் நாட்டில் காலிவாரே என்ற இடத்துக் காந்தக்கல் தாது மட்டும் நன்றாக வேலை செய்தது. ஏன் என்று ஆராய்ந்தபோது, அந்தத் தாதுவில் இயற்கையாகக் கலந்திருந்த சில அந்நியப் பொருள்களே காரணம் என்று தெரிந்தது. பிறகு அவர்களே இரும்போடு அலுமினா, பொட்டாஷ், சுண்ணாம்பு ஆகியவற்றை அளவாகச் சேர்த்துச் செய்தார்கள். 1913-ல் ஒப்பாவ் என்ற ஊரில் முதல் ஆலை ஓடியது. நூறு ஆண்டுகள் கடந்தும் உலகின் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் அதே அடிப்படைக் கலவைதான் பயன்படுகிறது.

சேர்த்த பொருள்கள் என்ன செய்கின்றன? இரும்புத் துணுக்கின் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். ஒரு கிராம் துணுக்கில் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும் என்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை. அந்தப் பரப்பின் மேல்தான் வினை நடக்கிறது. சூட்டில் இரும்பின் நுண்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பரப்பு குறைந்துவிடும். அப்படி ஒட்டாமல் இடையில் நின்று காப்பது அலுமினா. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் நகராமல் பிடித்துவைக்கும் சரளைக்கல் போன்றது அது. பொட்டாஷோ நைட்ரஜன் இரும்பின் மேல் பிளவுபடுவதை எளிதாக்குகிறது.

இரும்பின் மேல் நைட்ரஜன் முதலில் வந்து ஒட்டி, இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. இதுதான் மெதுவான கட்டம். பிறகு ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, அம்மோனியாவாகி விலகிச் செல்கிறது. இடம் காலியாகிறது, அடுத்த நைட்ரஜன் வருகிறது. இதைப் படிப்படியாக நிரூபித்தவர் கெர்ஹார்ட் எர்ட்ல் என்ற ஜெர்மானியர். அவருக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதாவது 1913-ல் ஓடத் தொடங்கிய ஆலைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெளிவாக விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. முதலில் கைப்பழக்கம் வந்தது, காரணம் பின்னால் வந்தது.

இவ்வளவு செய்தும், 400 முதல் 500 பாகை சென்டிகிரேடு சூடும், காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. அப்படியும் ஒருமுறை இரும்பின் மேல் செல்லும் வாயுவில் ஆறில் ஒரு பங்கு அளவே அம்மோனியாவாக மாறும். ஆகவே அதைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்து எடுத்துவிட்டு, மீதி வாயுவை மறுபடியும் சுற்றுக்கு விடுகிறார்கள். வந்த வண்டியை உடனுக்குடன் யார்டிலிருந்து அகற்றினால்தான் அடுத்த வண்டிக்கு இடம் கிடைக்கும், அதே கதைதான்.

ஒரு ஆலையில் எத்தனை உலோகங்கள்!

விறகுக் காலம் போய், பின்னர் நாப்தாவும் இயற்கை எரிவாயுவும் வந்தன. ஃபாக்ட் 1998-ல் ஏலூரில் நாளொன்றுக்கு 900 டன் அம்மோனியா செய்யும் புதிய ஆலையைத் தொடங்கியது. 2013-ல் புதுவைப்பில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்தபின் அந்த எரிவாயுவையும் பயன்படுத்தியது.

இயற்கை எரிவாயுவில் ஓடும் எந்த அம்மோனியா ஆலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயு பல ஸ்டேஷன்களைக் கடந்தே இரும்பிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு உலோகம் வேலை பார்க்கிறது. முதல் ஸ்டேஷனில் கோபால்ட்டும் மாலிப்டினமும் எரிவாயுவிலுள்ள கந்தகத்தை மாற்றிக் கொடுக்க, துத்தநாக ஆக்சைடு அதைப் பிடித்துவைக்கிறது. அடுத்து நிக்கல், நீராவியோடு சேர்ந்து, எரிவாயுவை ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைக்கிறது. பிறகு இரும்பு-குரோமியம், அதன்பின் தாமிரம்-துத்தநாகம் என இரு கட்டங்களில் கார்பன் மோனாக்சைடு நீராவியோடு வினைபுரிந்து மேலும் ஹைட்ரஜனைத் தருகிறது. கடைசியாக எஞ்சியிருக்கும் சொற்பக் கார்பன் வாயுக்களையும் மறுபடி ஒரு நிக்கல் வினையூக்கி தீங்கற்றதாக்குகிறது. அதற்குப் பிறகுதான் வாயு இரும்புக்கு முன் வந்து நிற்கிறது.

நஞ்சு

இத்தனை சுத்தம் எதற்கு? வினையூக்கி தேயாது என்றேன். ஆனால் அதற்கு நஞ்சு ஏறும். கந்தகம் மிகச் சிறிய அளவில் வந்தாலும் இரும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும், மீண்டும் போகாது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும்கூட வேலையைக் கெடுக்கும். பல கோடி ரூபாய் மதிப்புள்ள வினையூக்கியை ஒரு கவனக்குறைவு பாழாக்கிவிடலாம். ஆகவே வினையூக்கி ஆலையில் பாதி வேலை அதைச் சுத்தமாகக் காப்பாற்றும் வேலையே.

இதே பாடம் நம் வாகனங்களிலும் உண்டு. காரின் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய மாற்றி ஒன்று இருக்கிறது. நச்சுப் புகையை அது கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது 1995 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. அன்று பெட்ரோலில் ஈயம் கலப்பது வழக்கம். ஈயம் பிளாட்டினத்துக்கு நஞ்சு. ஆகவே கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000-ல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. கார் மாற்றியைக் காப்பாற்றப் போய், குழந்தைகளின் ரத்தத்தில் கலந்துவந்த ஈயமும் குறைந்தது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை.

வேலை முடிந்த வினையூக்கியையும் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. நிக்கலும் குரோமியமும் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் கேடு. நம் நாட்டுச் சட்டப்படி பழைய வினையூக்கி அபாயகரமான கழிவு வகையைச் சேர்ந்தது. ஏலூர்ப் பகுதியில் பெரியாறு பட்ட பாடு நமக்குத் தெரியும். உற்பத்தியைக் கொண்டாடும்போது கழிவையும் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

எதிர்க்கரையில் ஒரு தொட்டி

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு தெரியும். தானே செய்யும் அம்மோனியா போதாதபோது ஃபாக்ட் கப்பலில் வெளிநாட்டு அம்மோனியாவை வரவழைத்தது. அதைச் சேமிக்க அந்தத் தீவில் 10,000 டன் கொள்ளளவுள்ள தொட்டியை அமைத்தது. தொட்டியில் அம்மோனியா உறைநிலைக்கும் கீழே சுமார் 33 பாகைக் குளிரில் திரவமாக இருக்கும். தீவிலிருந்து காயல் வழியாகப் படகுக் கலங்களில் ஆலைகளுக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடும் வந்தது. மக்கள் நெருக்கமாக வாழும் நகரின் நடுவே இத்தொட்டி இருப்பது ஆபத்து என்று வழக்குத் தொடரப்பட்டது. 1994-ல் கேரள உயர்நீதிமன்றம் தொட்டியை மூட உத்தரவிட்டது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

யாரையும் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் சோற்றுக்கும் எதிர்க்கரைத் தொட்டிக்கும் இடையே நேரான தொடர்பு இருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும். உரம் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு ரசாயன முறையில் செய்த தழைச்சத்தை நம்பியிருக்கிறது என்பது அறிஞர்களின் கணிப்பு. ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே அருகில் குடியிருப்பவர்கள் அடிப்படை விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அம்மோனியா மூக்கைத் துளைக்கும் நெடி உடையது. தண்ணீரில் எளிதில் கரையும். என்றாவது அந்த நெடி கடுமையாக வீசினால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

உளுந்துச் செடி செய்யும் வேலை

அம்மோனியா ஆலைகள் பெரும் எரிபொருளை விழுங்குகின்றன, கார்பன் டை ஆக்சைடையும் நிறைய வெளியிடுகின்றன. ஆகவே குறைந்த சூட்டிலும் அழுத்தத்திலும் வேலை செய்யும் வினையூக்கியைத் தேடுவது இன்றைய ஆராய்ச்சியின் பெரிய நோக்கம். ருத்தீனியம் என்ற உலோகம் இரும்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிறது. 1992-ல் கனடாவில் ஓர் ஆலையில் அது பயனுக்கு வந்தது. ஆனால் விலை அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், இதே வேலையைச் சாதாரண வயல் வெப்பத்தில் ஓர் உயிர் செய்துகொண்டிருக்கிறது. உளுந்து, பயறு, சணப்பை, கொழிஞ்சி இவற்றின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அவற்றின் வினையூக்கியான நொதிப் பொருளின் நடுவிலும் இரும்பும் மாலிப்டினமுமே இருக்கின்றன! தஞ்சைப் பக்கம் நெல் அறுவடைக்குச் சற்று முன் உளுந்து தெளித்த நம் முன்னோர், பெயர் தெரியாமலே இந்த வினையூக்கியைப் பயன்படுத்தினார்கள். அந்த நொதியின் இரகசியத்தைப் படித்து ஆலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது இன்னும் முழு விடை கிடைக்காத கேள்வி.

இந்தத் துறையில் நம் நாட்டில் நல்ல அடித்தளம் இருக்கிறது. இந்திய வினையூக்கிச் சங்கம் 1973-ல் தோன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் 2006-ல் அமைந்தது. இங்கே களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் பலர் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் கம்ப்யூட்டர் ஒன்றே வழி என்று நினைக்கும் நம் குடும்பங்கள், பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இப்படி ஒரு வழி இருப்பதையும் யோசிக்கலாம். மிட்டாஷைப் போல ஆறாயிரம் முறை முயலும் பொறுமை உள்ள பிள்ளைக்கு இத்துறையில் இடம் உண்டு.

வீட்டில் செய்து பார்க்க

இளம் வாசகர்களுக்கு ஒரு சிறு சோதனை. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றுங்கள். கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சும்மா இருக்கும். இப்போது பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். நுரை பொங்கி வரும். அது ஆக்சிஜன். உருளைக்கிழங்கில் உள்ள ஒரு நொதி இதைச் செய்கிறது. அதன் நடுவில் இருப்பதும் இரும்பு அணுவே.

இன்னொரு தம்ளரில் நன்றாக வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுப் பாருங்கள். நுரை வராது. இரும்பு அங்கேயே இருந்தும் வேலை ஏன் நின்றது என்று யோசித்து, விடையை நம் சங்க இதழுக்கு எழுதி அனுப்புங்கள். துப்பு வேண்டுமானால், மேலே அலுமினாவைப் பற்றிச் சொன்ன பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.